கடல் வழக்குகள் – 5: ஒன்பது நாள் கட்டணம்

சென்ற வாரம்: 1902 ஜூனில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்குக் குடல்வால் அழற்சி வந்து முடிசூட்டு விழா தள்ளிப்போனது, ஸ்பிட்ஹெட் கடலில் நடக்கவிருந்த கடற்படை அணிவகுப்பும் நின்றது. பயணிகளை ஏற்றிச் சென்று அதைக் காட்டுவதற்காக 'சிந்தியா' என்ற நீராவிப் படகை 250 பவுண்டுக்குப் பேசியிருந்த ஹட்டன், மீதி 200 பவுண்டைத் தர மறுத்தார். மன்னர் வராவிட்டால் என்ன, போர்க்கப்பல்கள் அங்கேதானே நின்றன, படகை ஓட்டியிருக்கலாமே என்றது நீதிமன்றம். ஹட்டன் தோற்றார். அந்தப் படகுக்கு ஒரு கீறலும் விழவில்லை. இந்த வாரம் வரும் கப்பல் கடலடிக்கே போகிறது.

*

1986 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. நியூசிலாந்துத் தென் தீவின் வடமுனை. மழையும் காற்றுமான பிற்பகல்.

பிக்டன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய 'மிகைல் லெர்மன்டவ்' என்ற சோவியத் பயணிகள் கப்பல் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வயதில் துப்பாக்கிச் சண்டையில் உயிர்விட்ட ரஷ்யக் கவிஞரின் பெயர் அது. கிழக்கு ஜெர்மனியின் விஸ்மார் நகரில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 175 மீட்டர் நீளம். பயணிகள் 408 பேர், பணியாளர்கள் 330 பேர். பயணிகளில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள், அதிலும் வயதானவர்கள். பிப்ரவரி 7 அன்று சிட்னியில் ஏறியவர்களுக்குப் பதினான்கு நாள் சுற்றுலா. அன்று பத்தாம் நாள்.

கப்பலில் உள்ளூர்த் துறைமுக அதிகாரி ஒருவர் வழிகாட்டி மாலுமியாக இருந்தார். அந்தக் கடலைக் கை ரேகை போல அறிந்தவர். ஜாக்சன் முனையில் நிலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே ஒரு குறுகிய வழி உண்டு. சிறு படகுகள் போகும். இத்தனை பெரிய கப்பல் விளக்கத்துக்கு வெளியே சுற்றித்தான் போகவேண்டும். அன்று கப்பல் அந்தக் குறுகிய வழிக்குள் திரும்பியது. ஏன் என்ற கேள்விக்குள் இறங்கினால் தனித் தொடரே எழுதவேண்டி வரும். மாலை ஐந்தரை மணி தாண்டியதும் நீருக்கடியில் இருந்த பாறை கப்பலின் இடப்பக்கத்தைக் கிழித்தது.

கேப்டன் கப்பலைப் போர்ட் கோர் என்ற விரிகுடாவுக்குள் கொண்டுபோய்க் கரைதட்ட வைக்கப் பார்த்தார். முடியவில்லை. 'தாரிஹிகோ' என்ற எரிவாயுக் கப்பலும், 'அரஹூரா' என்ற பயணிகள் படகும், சுற்றுவட்டாரத்துச் சிறு படகுகளும் இருட்டில் வந்து ஆட்களை ஏற்றின. இரவு பத்தே முக்கால் மணிக்கு லெர்மன்டவ் முழுதாக மூழ்கியது. பணியாளர்களில் ஒருவர் உயிரிழந்தார். பயணிகள் 408 பேரும் பிழைத்தார்கள்.

அத்தனை முதியவர்கள், அந்த மழை, அந்த இருட்டு. பயணி ஒருவர்கூடச் சாகவில்லை என்பதை இன்று படித்தாலும் நெஞ்சு குளிர்கிறது. ஆனால் உயிரோடு கரையேறியவர்கள் சில வாரங்களில் இன்னொரு கேள்விக்கு முன்னால் நிற்கவேண்டியிருந்தது. அந்தக் கேள்வி ஒரு காகிதத்தில் வந்தது.

*

சிட்னியில் ஏறியவர்களில் ஒரு பெண்மணியைத்தான் இனி நாம் பின்தொடரப் போகிறோம். 'பயணி' என்றே அவரைக் குறிப்பிடுகிறேன். அன்றிரவு அவருக்கு உடலில் காயம், மனத்தில் அதைவிட ஆழமான காயம். கொண்டுபோன உடைமைகள் கப்பலோடு போய்விட்டன.

அவர் கட்டிய கட்டணம் 2,205 டாலர். கப்பல் நிறுவனம் அதில் 787 டாலர் 50 சென்டைத் திருப்பித் தந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். 2,205ஐப் பதினான்கால் வகுத்தால் நாளுக்கு 157 டாலர் 50 சென்ட். அதை ஐந்தால் பெருக்கினால் 787.50. சென்ட் பிசகாமல் ஐந்து நாள் கட்டணம். பிப்ரவரி 7 முதல் 15 வரை ஒன்பது நாள் கப்பலில் இருந்தீர்கள், அதற்கான 1,417 டாலர் 50 சென்ட் எங்களுடையது. 16ஆம் தேதியிலிருந்து நீங்கள் பயணம் செய்யவில்லை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையைப் பாதியில் காலி செய்பவருக்குப் போடும் கணக்கு இதுதான். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் நினைவில் எப்படித் தங்கும்? எட்டாம் நாள் பார்த்த கடற்கரையை நினைத்தாலே பத்தாம் நாள் இரவும் கூடவே வந்து நிற்கும் அல்லவா?

இந்தக் கட்டணம் போக, நிறுவனம் கருணைத் தொகை தருவதாகவும் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனை: இனி எங்கள்மீது எந்தக் கோரிக்கையும் இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். கரையேறியவர்கள் இரண்டு பக்கமாகப் பிரியக் கூடிய இடம் இதுதான். வாங்கிக்கொள்வதற்கும் நியாயம் இருந்தது. எதிரே நிற்பது சோவியத் நாட்டு நிறுவனம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். எழுபது வயதுக்காரருக்குக் கையில் வரும் காசுதான் காசு. வாங்காமல் நிற்பதற்கும் நியாயம் இருந்தது. என்ன இழந்தோம் என்று இன்னும் முழுதாகத் தெரியாத நேரத்தில், உடம்பின் நடுக்கமே அடங்காத நேரத்தில், இனிக் கேட்கமாட்டேன் என்று எப்படி எழுதித் தருவது? இரு பக்கத்தாரில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் பயணி என்ன செய்தார்? கையெழுத்திட்டார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

*

முடியவில்லை. கையெழுத்திட்ட பிறகும் அவர் நியூ சௌத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். லெர்மன்டவில் பயணம் செய்த மற்றவர்களின் கண்ணும் இந்த ஒரு வழக்கின்மீது இருந்தது. விசாரித்தவர் நீதிபதி கரூதர்ஸ்.

நிறுவனத்துக்கு இரண்டு அரண்கள். முதல் அரண் அந்த விடுதலைப் பத்திரம். இரண்டாவது அரண் பயணச்சீட்டு. சீட்டில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் அச்சாகியிருந்தன. காயத்துக்கும் இழப்புக்கும் நிறுவனம் இவ்வளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று அவை வரம்பு கட்டின.

பயணச்சீட்டின் பொடி எழுத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. லண்டன் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் இரண்டு பென்ஸ் கொடுத்துப் பையை வைத்துவிட்டுப் போன ஒருவரின் 1877ஆம் ஆண்டு வழக்கு சட்ட மாணவர்களுக்கு நன்கு தெரிந்தது. பை தொலைந்தது. அதன் மதிப்பு 24 பவுண்டு 10 ஷில்லிங். சீட்டின் பின்புறம் பத்துப் பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தது. முன்புறம் 'பின்னால் பார்க்க' என்று இருந்தது. அவர் படித்தாரா என்று மட்டும் கேட்டால் போதாது, படிக்கும்படி தக்க அறிவிப்பை ரயில்வே கொடுத்ததா என்றும் கேட்கவேண்டும் என்ற விதி அந்த வழக்கில்தான் பிறந்தது.

லெர்மன்டவ் வழக்கில் அதே விதி கடலுக்கு வந்தது. பயணி இடம் பதிவு செய்து முன்பணம் கட்டியது 1985 டிசம்பரில். சீட்டு கைக்கு வந்தது அடுத்த மாதம். பதிவுப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: சீட்டு வழங்கும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகும், சீட்டிலுள்ள நிபந்தனைகளுக்கு அது உட்பட்டது, அவற்றை நிறுவனத்தின் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். படிவத்தை நிரப்புகிறவர் அந்த ஒரு வரிக்காக அலுவலகத்துக்குப் போய், காட்டுங்கள் என்று கேட்பாரா? கட்டணம் பெற்ற பிறகு வந்து சேரும் நிபந்தனைகள், முன்கூட்டி அவற்றைத் தக்கபடி அறிவிக்காத நிலையில், பயணியைக் கட்டாது என்றார் கரூதர்ஸ். இரண்டாவது அரண் விழுந்தது.

முதல் அரண்? நியூ சௌத் வேல்ஸில் 1980ஆம் ஆண்டிலேயே ஒப்பந்த மறுஆய்வுச் சட்டம் வந்திருந்தது. ஓர் ஒப்பந்தம் உருவான சூழ்நிலையே நீதிக்குப் புறம்பானது என்றால் அதை ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. விடுதலைப் பத்திரம் அப்படியே ஒதுக்கப்பட்டது. கப்பல் மூழ்கிய அதிர்ச்சியில் இருப்பவர் போட்ட கையெழுத்து என்ன கையெழுத்து என்று சட்டம் ஒருமுறை நின்று கேட்டது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிறகு தொகைகள். உடல், மனக் காயத்துக்கு 35,000 டாலர். இழந்த உடைமைகளுக்கு 4,265. ஆசையோடு போன விடுமுறை துயரமாக முடிந்ததற்கு 5,000. நிறுவனம் வைத்துக்கொண்ட ஒன்பது நாள் கட்டணம் 1,417.50, அதுவும் திரும்பி வரவேண்டும். மேல் வட்டி.

நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே நீதிபதிகள் க்ளீசன், கிர்பி இருவரும் பயணியின் பக்கம். மஹோனி ஒருவர் மட்டும் மாறுபட்டார். இரண்டுக்கு ஒன்று. இரண்டு கோட்டை வாசல்களைத் தாண்டியாயிற்று.

மூன்றாவது வாசல் கான்பெராவில் இருந்தது. நிறுவனம் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே கேள்விகள் இரண்டாகக் குறுகின. ஒன்று, அந்த 1,417.50. மற்றொன்று, அந்த 5,000.

*

முதல் கேள்வி நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். கிணறு வெட்ட ஆள் விடும்போது தினக்கூலிக்கும் பேசலாம், மொத்தமாகவும் பேசலாம். தினக்கூலி என்றால் பாதியில் விட்டுப் போனாலும் செய்த நாளுக்குக் கூலி உண்டு. மொத்தமாகப் பேசிவிட்டால் தண்ணீர் காண்பித்தால்தான் பணம். கப்பல் சுற்றுலா இதில் எந்த வகை?

மொத்தப் பேச்சுதான் என்றார் கரூதர்ஸ். பதினான்கு நாள் சுற்றுலா என்பது பிரிக்க முடியாத ஒன்று. பாதியில் அது நாசமானால் மறுபயன், அதாவது கட்டிய பணத்துக்கு ஈடாகக் கிடைக்கவேண்டிய பலன், முழுதுமே பொய்த்துப்போனது. ஆகவே முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும்.

இந்த மொத்தப் பேச்சு வாதத்துக்குப் பேர்போன பழைய வழக்கும் ஒரு கப்பலைப் பற்றித்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1793 ஆகஸ்டில் ஜமைக்காவிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பிய 'கவர்னர் பாரி' கப்பலில் கட்டர் என்பவர் இரண்டாம் துணை மாலுமி. லிவர்பூல் வரை கடமையைச் செய்தால் முப்பது கினி என்று சீட்டு எழுதித் தந்திருந்தார்கள். செப்டம்பர் 20 அன்று நடுக்கடலில் அவர் இறந்தார். கப்பல் அக்டோபர் 9 அன்று கரை சேர்ந்தது. ஏழு வாரம் உழைத்தவர். பத்தொன்பது நாள் குறைந்தது. உழைத்த நாட்களுக்காவது கூலி கொடுங்கள் என்று அவர் மனைவி வழக்குப் போட்டார். பேசியது மொத்தப் பேச்சு, கப்பலோடு கரை சேரவில்லை, ஆகவே ஒரு காசும் இல்லை என்று 1795இல் தீர்ப்பாயிற்று.

இருநூறு ஆண்டாக இந்தத் தீர்ப்பு புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அன்று மாலுமியின் மனைவியை வெறுங்கையோடு அனுப்பிய அதே விதி, லெர்மன்டவ் பயணிக்குக் கட்டணத்தை மீட்டுத் தருவதாக இருந்தால், ஒரு பழைய கடன் வேறொருவர் மூலமாகவாவது தீர்ந்தது என்று எண்ணிக்கொள்ளலாம்.

1993 பிப்ரவரி 10. கப்பல் மூழ்கி ஏழாண்டு நிறைய இன்னும் ஆறு நாள். தலைமை நீதிபதி மேசன் உட்பட ஏழு பேர் கொண்ட அமர்வு தீர்ப்பை வெளியிட்டது.

கட்டணம் திரும்பாது.

கப்பல் மூழ்கும்வரை அவர் கப்பலில் உண்டார், உறங்கினார், துறைமுகங்களைப் பார்த்தார். அந்த நாட்களின் பலன் அவருக்குக் கிடைத்தது. மறுபயன் முழுதும் பொய்த்தது என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பயணம் நாசமானதற்கு இழப்பீடும் வாங்கினால், ஒரே இழப்பை இருமுறை எண்ணியதாகும் என்றும் விளக்கியது. தர்க்கம் பிழையற்றது, நானும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். இருந்தும் அந்த 1,417.50, நிறுவனம் முதல் நாளில் போட்ட அதே ஒன்பது நாள் கணக்கு, ஏழு ஆண்டுக்குப் பிறகு அப்படியே நின்றது.

மிஞ்சியது 5,000 டாலர். பயணத்தின் மகிழ்ச்சி பறிபோனதற்கு விலை.

அதன் எதிரே ஒரு பழைய சுவர் நின்றது. ஒப்பந்தத்தை மீறினால் கைப்பொருள் இழப்புக்கு ஈடு உண்டு. ஏமாற்றத்துக்கும் மனத்துயருக்கும் கிடையாது. 1875இல் ஒரு குடும்பத்தை நள்ளிரவில் தவறான ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்; மழையில் நான்கைந்து மைல் நடந்தார்கள். நடந்த சிரமத்துக்கு எட்டுப் பவுண்டு தந்த நீதிமன்றம், அதில் மனைவிக்கு வந்த நோய்க்கு ஒன்றும் தரவில்லை. 1909இல் பிரபுக்கள் சபை அந்தச் சுவரை இன்னும் உயர்த்தியது. கான்பெராவின் ஏழு நீதிபதிகளும் அதன் அடியில்தான் நின்றார்கள்.

சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் போட்டது கப்பல் அல்ல, ஒரு மலை. 1969 டிசம்பரில், ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த இரண்டு வார விடுப்போடு, 63 பவுண்டு 45 பென்ஸ் கட்டி, சுவிட்சர்லாந்தின் மோர்லியால்ப் என்ற சிற்றூருக்கு ஓர் ஆங்கிலேயர் போனார். விருந்தினர் கூடிக் களிக்கும் விடுதி என்று விளம்பரப் புத்தகம் சொல்லியிருந்தது. முதல் வாரம் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை அவர் அறையை விட்டு வெளியே வந்தபோது அந்த விடுதியில் வேறொரு விருந்தினரும் இல்லை.

(தொடரும்)