ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? ஓர் ஆய்வு மரபின் வரலாறு

மருத்துவமனை வார்டில் ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகளை விடலாம் என்பது நெடுங்காலம் நிர்வாகத்தின் கேள்வியாகவே இருந்தது. நிதி இருந்தால் ஆள் போடுவார்கள். இல்லாவிட்டால் இருப்பவர்களை வைத்தே ஓட்டுவார்கள். அந்த எண்ணிக்கைக்கும் நோயாளி பிழைப்பதற்கும் உள்ள தொடர்பு உறுதியான சான்றுகளோடு நிறுவப்பட்டது கடந்த கால் நூற்றாண்டில்தான். செவிலியர் எண்ணிக்கை சிகிச்சையின் ஒரு பகுதி, நிர்வாகச் செலவுக் கணக்கின் ஒரு வரி அல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு. அந்த முடிவுக்கு ஆய்வுலகம் வந்து சேர்ந்த வழியை இங்கே பார்ப்போம்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் கைவிளக்கேந்திய காரிகையாகவே பள்ளிப் பாடங்களில் அறிந்தோம். அவர் வந்த பிறகும் அங்கே சாவு கூடிக்கொண்டே போனது என்பதைப் பாடங்கள் சொல்வதில்லை. 1855 பிப்ரவரியில் அந்த மருத்துவமனையின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 40-ஐத் தாண்டியது. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் அடைபட்ட சாக்கடைகளைச் சுத்தம் செய்து, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே அது மளமளவென்று இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரின் துணையோடு இந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். தடுத்திருக்கக்கூடிய சாவுகளை வண்ண வரைபடமாக்கி அரசின் முன் வைத்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. செவிலியர் பணிக்கு அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் தலையாயது இந்தக் கணக்கெடுக்கும் பழக்கம்தான் என்று கருதுகிறேன்.

1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. பயிற்சி பரவிய வேகத்தில் கணக்கெடுப்பு பரவவில்லை. செவிலியர் பணி தொண்டாகவும் தியாகமாகவும் போற்றப்பட்டதே அதற்கு ஒரு காரணம். தியாகத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1946-இல் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருக்கிறார் என்று கணக்கிட்டு, 500 பேருக்கு ஒருவர் என்ற இலக்கை வைத்தது. அதுவும் மக்கள்தொகைக் கணக்கே. வார்டுக்குள் இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கேள்வியை அது தொடவில்லை.

அந்தக் கேள்வி எழக் காரணம் 1990-களின் அமெரிக்கா. காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்கியபோது, பல மருத்துவமனைகள் பதிவுபெற்ற செவிலியர்களின் வேலையில் கைவைத்தன. அதே காலத்தில், 1992-இல், ஜெஃப்ரி சில்பரும் அவர் குழுவினரும் ஒரு புதிய அளவுகோலை முன்வைத்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் உடல்நிலையைப் பொறுத்தது. சிக்கல் வந்தவரைக் காப்பாற்ற முடிகிறதா என்பது மருத்துவமனையைப் பொறுத்தது. ஆகவே சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாருங்கள் என்றார்கள்.

இதன் பொருளை வார்டில் நின்று பார்த்தால்தான் விளங்கும். வயிற்றில் அறுவை செய்து இரண்டாம் நாள் இரவு. மாலையில் நிமிடத்துக்கு 16 முறை மூச்சு விட்டவர் இப்போது 24 முறை விடுகிறார். இரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. சிறுநீர்ப் பையில் சேரும் அளவு குறைந்திருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்கிறார், ஆனால் சற்றுத் தடுமாறுகிறார். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதில்லை. சேர்த்துப் பார்த்தால் உடலில் நஞ்சேறத் தொடங்கியிருக்கலாம். அதைச் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் மாலையிலும் இரவிலும் அந்தக் கட்டிலருகே வந்துபோன செவிலியர் ஒருவரே. டியூட்டி டாக்டரை அப்போதே கூப்பிட்டால் நோயாளி பிழைப்பார். வார்டின் மறுகோடியில் இன்னும் பத்துப் பேருக்கு ஊசி போட வேண்டியிருந்தால், அவர் இந்தக் கட்டிலுக்கு வருவதற்குள் விடிந்துவிடும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. 168 மருத்துவமனைகள், 10,184 செவிலியர்கள், 2,32,342 அறுவை நோயாளிகள். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுதலாகச் சேரும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. செவிலியர் பணியில் சோர்ந்துபோகும் வாய்ப்போ 23 விழுக்காடு கூடியது.

எதிர்க்கேள்வி உடனே வந்தது. செவிலியர் அதிகமுள்ள மருத்துவமனைகள் மற்ற வகைகளிலும் மேலானவையாக இருக்கலாமே? நியாயமான கேள்வி. ஜாக் நீடில்மன் குழு 2011-இல் அதற்கு விடை கண்டது. மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒரே மருத்துவமனைக்குள் 1,76,696 ஷிஃப்டுகளை ஆராய்ந்தார்கள். கட்டடமும் நிர்வாகமும் மாறவில்லை. ஆள் குறைந்த ஷிஃப்டுகளைச் சந்தித்த நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் கூடியிருந்தது. இந்த ஆய்வு மரபின் திருப்புமுனை என்று நான் கருதுவது இதையே.

ஆள் குறைந்தால் எது விடுபடுகிறது? பீட்ரிஸ் காலிஷ் 2006-இல் செவிலியர்களிடமே கேட்டார். நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவு கொடுப்பது, வாய் சுத்தம், ஆறுதலான பேச்சு, வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை விடுபடுகின்றன என்றார்கள். ஊசியும் மாத்திரையும் கேஸ் ஷீட்டில் ஏறுவதால் அவை தப்பித்துவிடுகின்றன. எழுதப்படாத வேலைகளே முதலில் பலியாகின்றன. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஜேன் பால் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி விடுபடும் பராமரிப்பு 10 விழுக்காடு கூடினால் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடுவது தெரிந்தது.

நம் ஊரில் இந்த இடைவெளியை நிரப்புவது குடும்பம். நோயாளியின் மனைவியோ மகளோ தங்கையோ கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஊட்டுகிறார், புரட்டுகிறார், ட்ரிப்ஸ் முடியும்போது ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுகிறார். அவருடைய உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால், செவிலியர் பற்றாக்குறையும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மூச்சு 16-லிருந்து 24-க்கு ஏறியதன் பொருள் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம்.

ஆய்வு சட்டமாக மாறிய கதை சுருக்கமானது. கலிஃபோர்னியா 1999-இல் சட்டமியற்றி 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு முதல் பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து நோயாளிகளே உச்ச வரம்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் பகலில் நான்கு, இரவில் ஏழு என்று வகுத்தது. அதன் விளைவை மேத்யூ மெக்ஹியூ குழு ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டது. சட்டம் அமலான 27 மருத்துவமனைகளில் இறப்பும், வீடு திரும்பியவர்கள் மீண்டும் சேர்க்கப்படுவதும், படுக்கையில் கிடக்கும் நாட்களும் குறைந்திருந்தன. கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மிச்சமானது. ‘காசு இல்லை’ என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலும் அளவு வகுத்திருக்கிறது: போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர். அது பரிந்துரை மட்டுமே. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு அமர்ந்தபோது, அதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டுமே பலரும் பார்த்தோம். மேலே சொன்ன ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால், அது நோயாளிகளின் பிரச்சினையும்கூட.

இங்கிலாந்தில் மருத்துவமனைப் பராமரிப்பின் குறைபாடுகளை ஆராய்ந்த 2013-இன் ஃபிரான்சிஸ் அறிக்கைக்குப் பிறகு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டிய செவிலியர் எத்தனை, இருப்பவர் எத்தனை என்பதை வார்டு வாசலிலேயே எழுதி வைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம். ஒரு பலகையும் சாக்பீஸும் போதும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் இதையாவது உடனே செய்ய வேண்டும். வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.