நிழலும் தீட்டும்: அருவிப் பின்னணியில் சில பிம்பங்கள்

அருவியும் தென்னையும் மாடிப்படியும் தீட்டிய திரைச்சீலைகள் ஸ்டூடியோக்களில் தொங்கிய காலத்தில், படம் பிடிப்பவருக்கு ஒரு கவலை இருந்தது: நிற்பவரின் நிழல் சீலைமேல் விழக் கூடாது. விழுந்தால் அருவி வெறும் துணி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆளை முன்னே தள்ளி நிறுத்துவார்கள், விளக்கை உயர்த்துவார்கள். இன்று தென்காசியில் கணினியில் கல்யாண ஆல்பம் செய்கிறவருக்கு நேர்மாறான கவலை. அருவி அசல் புகைப்படம். அதன்முன் வெட்டி ஒட்டிய, அல்லது கணினியிலேயே வார்த்தெடுத்த உருவம் நிழல் இல்லாமல் அந்தரத்துல நிக்குது. அன்று நிழல் இருந்தால் பொய் வெளுத்தது. இன்று இல்லாவிட்டால் வெளுக்கிறது. இந்தத் தலைகீழாக்கத்தை வெறும் தொழில்நுட்பச் சேதியாக என்னால் வாசிக்க முடியவில்லை.

ஐந்து சபைகளில் குற்றாலத்தினுடையது சித்திர சபை. இங்கே நடராசர் செப்புத் திருமேனி அல்ல, சுவரோவியம். அந்த ஓவிய மரபில் தரையில் விழும் நிழல் கிடையாது. அதை ஓவியனின் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தேவர்களுக்கு நிழல் இல்லை என்பது பழைய இலக்கணம். வியாச பாரதத்தில், நளன் உருவில் நிற்கும் தேவர்களுக்கு நடுவே தமயந்தி நளனை அறியும் அடையாளங்களில் நிழலும் ஒன்று. புகழேந்தியின் நளவெண்பாவில் கண் இமைப்பது, கால் நிலத்தில் தோய்வது, மாலை வாடுவது மூன்றும் இருக்கின்றன, நிழல் உதிர்ந்துவிட்டது. கால் தோய்ந்தால் போதாதா என்று புகழேந்தி நினைத்திருப்பார் என்றே படுகிறது. (வெண்பாவில் இடமில்லை என்பதும் காரணமாகலாம், புலவர்கள் கோபிக்க வேண்டாம்.)

ஏனென்றால் கால் தோய்வதும் நிழலும் ஏறக்குறைய ஒரே விஷயம். பாதம் தரையைத் தொடும் கோட்டில் நிழல் கறுத்துக் கூர்மையாக இருக்கும். விலக விலக ஓரம் கரையும். அதுவும் முழுக் கறுப்பல்ல: வானத்து ஒளி கொஞ்சம் அதிலும் விழும், அடியிலிருக்கும் பாறையின் நிறம் தெரியும். சாரல் காலத்தில் இது இன்னும் சிக்கல். மேகம் மூடிய வானம் முழுக்க விளக்கு. ஒருபக்கமாய் நீளும் நிழலே இருக்காது, காலடியில் மங்கலான ஒரு கருமை மட்டும். ஈரப் பாறை வேறு ஆளைத் தலைகீழாகக் காட்டும். ஸ்டூடியோ விளக்கில் எடுத்த மாப்பிள்ளைக்கோ மூக்கின் ஒரு பக்கம் மட்டும் இருட்டு. அவரை ஐந்தருவி முன்னால் நிறுத்தி ஒரு கறுப்புப் பட்டையை இழுத்துவிட்டால், பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. என்னமோ ஒட்டலையே என்பார்கள், அவ்வளவுதான்.

1988இல் வந்த ‘ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்’ படத்தில் கையால் வரைந்த முயலுக்கு நிழலைத் தனி அடுக்காகச் செய்து, அசல் காட்சியோடு சேர்த்தார்கள். 1998இல் பால் டெபவெக் வேறு வழி காட்டினார். கண்ணாடிபோல் மின்னும் கோளம் ஒன்றை இடத்தில் வைத்து, பல ஒளியளவுகளில் படமெடுத்தால் அந்த இடத்துக்கு வரும் ஒளி கிடைத்துவிடும். அந்த ஒளியில் கணினி தரையை இருமுறை கணிக்கிறது: உருவம் இருக்கையில் ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை. இரண்டுக்குமான வித்தியாசத்தைப் புகைப்படத்தோடு கூட்டினால் நிழல். ஆக, நிழல் ஒரு பொருளல்ல, வேறுபாடு. சசூரை ஒப்பித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஓர் உடல் இருப்பதற்கும் இல்லாததற்கும் நிலத்தில் தெரியும் வேறுபாடு என்று சொல்லும்போதே இந்த வட்டாரத்தின் வேறொரு நிழல் குறுக்கே விழுகிறது. பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை கேரளப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். திருவிதாங்கூரில் இன்ன சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது; கோயில்களை எல்லா இந்துச் சாதியாருக்கும் திறக்கும் பிரகடனம் 1936இல்தான் வந்தது. தொட வேண்டியதில்லை, நிழல் பட்டாலே தீட்டு என்றவர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்திருந்தார்கள்: அந்த உடல் இங்கே நின்றது என்பதற்கு நிழலே சாட்சி. மேலே நிழலே இல்லாத தேவர்கள், கீழே நிழல் விழக் கூடாத மனிதர்கள்.

ஃபிளெக்ஸ் பலகைத் தலைவர்கள் மேகத்தின் மேல் நிழலின்றி நடப்பதை அவசர வேலை என்று தொழில்காரர் சொல்லக்கூடும். எனக்கு அது தேவ இலக்கணமாகவே தெரிகிறது. அதே பலகையின் கீழ்வரிசையில் தொண்டர்களின் தலைகள். கால் இல்லை, தோய நிலமும் இல்லை.

இன்னொரு வகைப் படம் உண்டு. மகள் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன அப்பாவை பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்து எடுத்து, உடம்பை வேறொரு படத்திலிருந்து வாங்கி, மேடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவது. அங்கே நிழல் போட்டே ஆகணும். அம்மாவின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே; அவர் கால் கம்பளத்தைத் தொடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பு.