கிரெட்ஸ்கி கைமாறிய கணக்கு

1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ், வெய்ன் கிரெட்ஸ்கியை வேறு இருவருடன் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் கொடுத்தபோது கனடாவே கொதித்தது. ஐஸ் ஹாக்கியின் முடிசூடா மன்னருக்கு ஈடாக வந்தவை ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா, புதுமுக வீரர்களுக்கான மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், ஒன்றரைக் கோடி டாலர். அன்றைய கணக்கில் நஷ்டம்தான். ஆனால் மறு ஆண்டே கார்சனை டெட்ராய்ட்டுக்கு அனுப்பி கிரேவ்ஸ், மர்ஃபி, கிளிமா ஆகியோரை எட்மன்டன் வாங்கிக்கொண்டது. 1990இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் அவர்களும் ஜெலினாவும் இருந்தார்கள். இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தை மூன்றாவது கூடுதல் நேரத்தில் முடித்துவைத்தது கிளிமாவின் கோல்.

எட்மன்டனின் நட்சத்திர வீரர்கள் மெஸ்ஸியேவும் குர்ரியும் முன்பே இருந்தார்களே, இந்தப் பேரத்துக்கு ஏன் பெருமை என்று கேட்கலாம். அந்த இருவரும் இருந்த 1989இல் எட்மன்டன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. வெளியேற்றியது, வேடிக்கைதான், கிரெட்ஸ்கியின் கிங்ஸ். அவர்களுக்கோ கோப்பை வாய்க்கவில்லை. 1993 இறுதிச்சுற்றில் மான்ட்ரியலிடம் தோற்றார்கள். ஆயினும் ஹாக்கிக்குப் பழகாத லாஸ் ஏஞ்சலஸில் அரங்கு நிறைந்தது. அதைத் தொடர்ந்து அதே மாநிலத்தின் சான் ஹோசேயிலும் அனஹைமிலும் புதிய அணிகள் எழுந்தன. எட்மன்டனின் பிற்காலச் சரிவை இந்தப் பேரத்தின் தலையில் கட்டுவது பொருந்தாது. மெஸ்ஸியேவையும் கோல்காப்பாளர் ஃபுர்ரையும் 1991இல் கைவிட்டது வேறு முடிவு.