நான்கு பக்கத் தாளும் நான்காவது குன்றும்



செஞ்சிக் கோட்டை என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளைச் சொல்கிறோம். நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. வரலாற்று நூல்களில் அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தது, 1698இல் முகலாயர் வென்றது, 1714இல் தேசிங்கு மாண்டது எல்லாம் நமக்கு மனப்பாடம். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் கோட்டை சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த மதிலுக்குக் கல் சுமந்தவர் ஒருவரின் பெயரும் நம்மிடம் இல்லை. சாதியின் பெயர் குன்றுக்கு ஒட்டியிருக்கிறது. மனிதரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம். முதல் இதழின் 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதத்தில் அது வார இதழானது; 1900 வரை வந்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். அதுவும் நான்கு பக்கம்தான்; விலை ஒரு பைசா. ஓராண்டில் 'தமிழன்' எனப் பெயர் சுருங்கிற்று. வாசகர் வட்டமோ கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா வரை விரிந்தது. 1914இல் அவர் மறைந்த பின்னும், 1920களில் தங்கவயல் தோழர்கள் அதை மீண்டும் நடத்தினார்கள்.

இருவரும் உறவினர்கள், ஆனால் ஒத்த கருத்தினர் அல்லர். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலை நிமிர்ந்து சொன்னால்தான் உரிமை கிடைக்கும் என்றார் சீனிவாசன். அந்தப் பெயரே பிறர் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர் என்றார் அயோத்திதாசர். இந்தப் பிணக்கு எழுத்தை நிறுத்தவில்லை, வளர்த்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கிய நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே ஆகியோரும் சிற்றிதழ்களில் எழுதிவந்த நண்பர்களே. பின்னாளில் அவர்களும் முரண்பட்டுப் பிரிந்தார்கள், எழுதியவை நிற்கின்றன.

ஆகவே செஞ்சியில் ஓர் எழுத்துக் குழு தொடங்க ஐந்து நண்பர்கள் போதும். மேடை வேண்டாம், தலைவர் வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. எழுதியதை உரக்கப் படிப்போம்; எழுத்தறியாத அம்மாவும் பாட்டியும் கேட்கட்டும், திருத்தட்டும். நம் தெரு, சுடுகாட்டுப் பாதை, ஏரிக்கரை, பாட்டி கல் உடைத்த கதை ஆகியவற்றிலிருந்து தொடங்குவோம். பிழைக்கு அஞ்ச வேண்டாம். புகழுரையை மட்டும் எதிர்பார்த்து வர வேண்டாம். முரண்படுவோம், ஆனால் அடுத்த ஞாயிறும் வருவோம்.

ஆண்டு முடிவில் நான்கு பக்கம் அச்சிடுவோம். எழுதியவர் பெயரோடு, கதை சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு சேர்த்தே அச்சிடுவோம். கல் சுமந்தவர் பெயர் தொலைந்தது போல் அவர்கள் பெயரும் தொலைய நாம் காரணமாகக் கூடாது.

ஜெய்பீம்.