கட்டுமரமும் கடாரமும்



கடாரம் என்றதும் நம் மாணவர்களுக்கு இராசேந்திர சோழன்தான் நினைவுக்கு வருகிறான். 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. நாமும் வகுப்பில் பெருமிதத்தோடு கூறுகிறோம். ஆனால், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே காழகத்துப் பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. காழகம் என்பது கடாரமே என்பார் நச்சினார்க்கினியர். கடலிலிருந்து 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் ஜெராய் மலையைக் குறியாகக் கொண்டு கலம் செலுத்தியவர்களைப் பற்றி நாம் வகுப்பில் எவ்வளவு பேசியிருக்கிறோம்? அரசனுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது அவர்களுக்குத் தரலாம் என்பது என் எண்ணம்.

அவர்களுடைய கடற்கரையின் எளிய கைவினை கட்டுமரம். இலேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, முன்முனை சற்றே மேல்நோக்கி இருக்குமாறு சேர்த்துக் கயிற்றால் பிணைப்பர். கட்டுக்கு ஆணி தேவையில்லை! அலை மோதும்போது கயிற்றுக்கட்டு நெகிழ்ந்து கொடுக்கும். ஏறிய நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். தந்தையின் கையைப் பார்த்தே மகன் பழகிய தொழில் இது. 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில், ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியுள்ளார். இன்று லங்காவியில் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் இரட்டையுடல் படகின் பெயரான 'கேட்டமரான்' நம் சொல்தான். உருவம் மட்டும் வேறு!

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை, தமிழகக் கரையையும் நம் கோத்தா குவாலா மூடாவையும் ஒரே நாளில் தாக்கியது. அதன்பின் தமிழக மீனவர்க்கு உதவியாகக் கிடைத்தவற்றுள் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. முன்பே குறைந்துவந்த கட்டுமரம் மேலும் அருகிப்போனது.

பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு சிறு கட்டுமரம் செய்து பாருங்கள். பச்சை வாழைமட்டைத் துண்டுகள் மூன்று போதும். நடுத்துண்டு சற்று நீளமாக இருக்கட்டும். இரு முனையிலும் குறுக்குக் குச்சி வைத்துத் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டுங்கள். பசை வேண்டா. முடிச்சுப் போட வீட்டில் தாத்தா இருந்தால் அவரையே அழையுங்கள். தோட்டத்தில் விறகும் பந்தலும் கட்டிப் பழகிய கை அது. பிறகு வாளி நீரில் மிதக்கவிட்டு, ஒரு கட்டை மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள். என்ன ஆகிறது, ஏன் ஆகிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.