ஈசிஆரில் ஒரு ஜோடியும் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு கம்பெனியும்

புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி சென்னையில் வண்டியை எடுத்தால் நேராகப் போய் நிற்கிற இடம் மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற மாதிரி இன்னொரு போட்டோ, வறுத்த மீன், ரிட்டர்ன். அவ்வளவுதான் டூர்.

எங்க அக்காவும் மாமாவும் பைக்கில் இப்படிக் கிளம்பியபோது நான் வைத்த ஒரே கோரிக்கை, "அங்கேயே திரும்பிடாதீங்க, இன்னும் ஒரு பதினைந்து கிலோமீட்டர் தெற்கே போங்க" என்பதுதான். "அங்க என்னடா இருக்கு?" என்று மாமா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கேயும் எழுதி வைக்கிறேன். பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்கு என்று கேட்பவர்கள் கடைசி வரை படிக்கவும் :-)

போகிற வழியிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதலில் கோவளம். இப்போது ஸ்டார் ஹோட்டல் இருக்கிற இடத்தில் அன்றைக்குக் கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த அந்தக் கோட்டையை 1752ல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். அதைத் தாண்டினால் சாளுவன்குப்பம், புலிக்குகை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இங்கே வெளியே தெரிந்த கல்வெட்டை வைத்துத் தொல்லியல் துறை தோண்டியதில், 2005ல் மண்ணுக்கடியில் இருந்து ஒரு பழைய முருகன் கோயில் கிடைத்தது. அடியில் செங்கல் கட்டுமானம், அதற்கு மேல் பல்லவர் காலத்து வேலை. எத்தனையோ பேரைக் கொண்டுபோன கடல், மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு கோயிலைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்து மாமல்லபுரம். தமிழ்நாட்டின் வடபகுதிக் கடற்கரை பெரும்பாலும் மணல்தான், ஆனால் இங்கே மட்டும் கருங்கல் பாறைகள் கடல் வரை வந்து நிற்கின்றன. அந்தக் கரடுமுரடு இல்லாவிட்டால் பஞ்சரதமும் இல்லை, அர்ச்சுனன் தபசும் இல்லை. ஈசிஆர் வருவதற்கு ரொம்ப முன்னால், வெள்ளைக்கார ஜோடிகள் இதையெல்லாம் பார்க்க மெட்ராஸிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகு பிடித்து வருவார்கள். ரோட்டுக்கு மேற்கே கூடவே ஓடி வருகிறதே, அதே கால்வாய்தான். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்து அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள்.

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம், இங்கிலீஷ்காரன் வாயில் சத்ராஸ். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் ராஜநாராயணன் பட்டினம் என்ற பெயரும் இதற்கு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வியாபாரம் செய்ய வந்து, பிறகு செங்கல்லில் கோட்டையும் கட்டிக்கொண்டார்கள்.

வந்தவன் ராஜா இல்லை, கம்பெனி. 1602ல் ஆரம்பித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டிய முதல் பெரிய கம்பெனிகளில் ஒன்று, மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர். நம்ம கம்பெனி சட்டப் பாடத்தின் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு வேண்டியது கிராம்பு, ஜாதிக்காய், மிளகு. அதெல்லாம் விளைவது இந்தோனேசியத் தீவுகளில். அங்கே உள்ளவர்களோ சோழமண்டலக் கரையின் துணியைத்தான் விரும்பி வாங்கினார்கள். அதனால் வெள்ளியும் தங்கமும் கொண்டுவந்து இங்கே துணி வாங்கி, அந்தத் துணியைக் கொடுத்து அங்கே மசாலா வாங்கினார்கள். சதுரங்கப்பட்டினம் மெல்லிய மஸ்லினுக்குப் பேர் போனது. துறைமுகம் என்று எதுவும் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகில் மூட்டைகளை ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோவார்கள்.

நெசவாளிக்கு என்ன கிடைத்தது? நூல் வாங்கவும் அரிசி வாங்கவும் முன்பணம் வேண்டும். கம்பெனி வியாபாரியிடம் கொடுக்கும், வியாபாரி நெசவாளியிடம் கொடுப்பார். கேட்டால் கந்துவட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் அன்றைக்கு இந்தக் கரையில் வாங்குவதற்கு ஆள் நிறைய. சென்னையில் இங்கிலீஷ்காரன், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன், தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், பழவேற்காட்டிலும் சத்ராஸிலும் டச்சுக்காரன். ஒருவன் விலை குறைத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொருவனிடம் போகலாம். போட்டி இருந்தவரை நெசவாளி கொஞ்சமாவது பேரம் பேச முடிந்தது.

இனி வரும் தேதிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1754 ஜனவரியில் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இதே சத்ராஸில் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருந்தது, டச்சுக்காரன் நடுநிலை. ஆர்க்காட்டு நவாப் யார் என்பதில் தகராறு தீராமல் பேச்சு முறிந்தது. அந்த வருஷமே டூப்ளேயை பாரீசுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1781ல் இங்கிலீஷ்காரர்கள் சத்ராஸைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17ல் இந்தக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் இங்கிலீஷ் தளபதி ஹியூஸும் மோதினார்கள், யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. பிறகு டச்சுக்காரனிடம் திரும்பப் போய், 1795ல் மறுபடி பறிபோய், 1818ல் மறுபடி வந்தது. கடைசியில் 1824 லண்டன் ஒப்பந்தப்படி இந்தியாவில் இருந்ததையெல்லாம் டச்சுக்காரன் விட்டுக்கொடுத்தான், இங்கிலீஷ்காரன் சுமத்ராவின் பென்கூலனைக் கொடுத்தான். 1825ல் ஊர் கை மாறியது. யாரும் இந்த ஊர்க்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் சந்தையில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் ஒரே ஒருத்தர் மிச்சம். எகனாமிக்ஸ் வாத்தியார் இதை மொனாப்ஸனி என்பார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே முன்பணம் வாங்கிய நெசவாளி வேறு யாருக்கும் நெய்யக்கூடாது என்று கெடுபிடி வந்துவிட்டது. அதற்குப் பிறகு இங்கிலாந்து மில் துணி வேறு வந்து இறங்கியது. பேரம் பேசும் பலம் முதலில் போனது, தொழில் பிறகு போனது. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல துணி நெய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, அதை வாங்க இரண்டு பேராவது இருக்க வேண்டும். இன்றைக்கு ஒரே கம்பெனியை நம்பி சப்ளை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அக்காவும் மாமாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கோட்டை தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. செங்கல் மதில், பண்டகசாலை, உள்ளே எழுத்துகள் செதுக்கிய டச்சுக் கல்லறைகள். ஒரு பக்கம் கடல், பக்கத்திலேயே 1984 முதல் மின்சாரம் தரும் அணுமின் நிலையம். அக்கா வந்ததும் சொன்னது ஒன்றுதான்: "கல்லுல பேரு எல்லாம் எவ்வளவு அழகா செதுக்கியிருக்காங்கடா."

உண்மைதான். அத்தனையும் துணி வாங்க வந்தவர்கள் பெயர். நெய்தவர்கள் பெயர் ஒன்றுகூட அந்தக் கோட்டைக்குள் இல்லை.

கொசுறு: அடுத்த முறை ஈசிஆர் போகிறவர்கள் மாமல்லபுரத்தில் மீன் சாப்பிட்ட கையோடு அந்தப் பதினைந்து கிலோமீட்டரையும் போய்விட்டு வாருங்கள். வெயிலுக்கு முன்னால் போனால் நல்லது.