கிறீனின் தமிழ்

தமிழில் விஞ்ஞானம் எழுத முடியுமா என்ற கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுந்து, நாலைந்து கட்டுரைகளுக்குப் பிறகு அடங்கிவிடுகிறது. முடியும் என்பவர்கள் கலைச்சொற் பட்டியல்களை எடுத்து நீட்டுகிறார்கள். முடியாது என்பவர்கள் அந்தப் பட்டியல்களிலிருந்தே நாலு சொற்களைப் பொறுக்கிக் கேலி செய்கிறார்கள். இரு தரப்பாரும் இக்கேள்வியை இன்றைய கேள்வி என்றே எண்ணுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது கேட்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பக்கங்களில் விடையும் எழுதப்பட்டுவிட்டது. அந்த விடை ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் இன்று நாம் யோசிக்க வேண்டியது.

1823ல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினார்கள். கணிதம், வானசாஸ்திரம், இயற்கை விஞ்ஞானம், வேதாகமம், ஆங்கிலம், தமிழ் இலக்கியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. விஞ்ஞானம் புராணத்தை உடைக்கும், உடைந்த இடத்தில் சுவிசேஷம் முளைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்கைச் சொன்னது. செமினரித் தலைவர் டானியல் பூவர் வேறொரு கணக்கைச் சொன்னார். வானம் பூவரின் பக்கம் நின்றது.

மிஷனரிகள் இதைத் தங்கள் மதத்தின் வெற்றியாகவே கொண்டார்கள். ஆனால் அங்கு மோதியவை விஞ்ஞானமும் மூடநம்பிக்கையும் அல்ல. இரண்டு கணித முறைகள். ராகு சந்திரனை விழுங்குகிறது என்பது புராணம். சாஸ்திரியார் விழுங்கும் நேரத்தைக் கேட்டு எழுதவில்லை, கணக்கிட்டார். அந்தக் கணித மரபின் தரம் பற்றி வேறு சாட்சியமும் உண்டு. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணவென்று புதுச்சேரியில் காத்திருந்து, 1769ல் மேகம் மறைத்து ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல், தமிழர்களின் கிரகணக் கணக்கை அங்கே கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30ல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட மேயரின் அட்டவணை 68 விநாடி கூடியிருந்தது. 1825ல் வாரன் என்பவருக்குப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்தே ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிழை. முடிவில் 52 நிமிடம்.

இந்தக் கடைசி எண்ணிக்கை பெருமைக்குரியதல்ல. அந்த மனிதருக்குச் சூத்திரங்கள் மனப்பாடம். அவற்றின் அடியிலுள்ள கோட்பாடு தெரியாது. கோட்பாட்டைப் பறிகொடுத்துவிட்டு விதியை மட்டும் காப்பாற்றிய மரபு அது. திருத்திக்கொள்ளும் சக்தி அதில் வற்றிவிட்டிருந்தது. செமினரியில் பூவரின் வழிவந்த ஹொய்சிங்டன், இந்திய வானசாஸ்திரத்தைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848ல் அச்சிட்டார். ஏளனம் செய்வதற்கும் முதலில் படிக்கவேண்டியிருந்தது என்பதே ஒரு கௌரவம்.

செமினரி 1855ல் மூடப்பட்டது. பாஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சனின் குழு, ஆங்கிலம் கற்றவர்கள் பிரசங்கிகளாகாமல் உத்தியோகஸ்தர்களாகிறார்கள் என்று கண்டது. உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் இங்கு படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்குத் திரும்பி, 1887ல் கலித்தொகையைப் பதிப்பித்தார். புராணத்தை உடைக்க வைத்த உலைக்களத்தில் சங்க நூலின் பதிப்பாசிரியர் உருவானார். கல்வி அதைக் கொடுப்பவனின் நோக்கத்துக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை.

இந்தப் பின்னணியில்தான் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பார்க்க வேண்டும். 1822ல் அமெரிக்காவின் வூஸ்டரில் பிறந்தவர். 1847ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். கற்றவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். 1864ல் கிறீன் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவத் தமிழன் வேண்டும், போலி வெள்ளைக்காரன் வேண்டாம் என்பது அவர் நிலை.

கற்பிக்க நூல் வேண்டும். 1857ல் 'பிரசவ வைத்தியம்', 1867ல் 'இரண வைத்தியம்', 1872ல் கிரே முதலானோரின் நூல்களைக் கொண்டு உருவான 'மனுஷ அங்காதிபாதம்', 1875ல் 'கெமிஸ்தம்'. மாணவர்களும் உடன் உழைத்தார்கள். 1873ல் நாடு திரும்பிய பிறகும் அவர் தமிழை விடவில்லை. கடைசி நூல்களில் ஒன்றான 'மனுஷ சுகரணம்' 1883ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தமிழர்களிடையே மருத்துவ ஊழியம் செய்தவன் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்.

தலைப்புகளையே கவனியுங்கள். 'இரணம்' நோயாளியின் வாயில் ஏற்கனவே இருந்த சொல். 'அங்காதிபாதம்' என்று கேட்டவுடன் தமிழ்ப் பயிற்சியுள்ள காதுக்குக் 'கேசாதிபாதம்' நினைவுக்கு வரும். தலைமுடி முதல் அடிவரை வருணித்த புலவனின் ஒழுங்கு, எலும்பும் நரம்பும் எண்ணுகிறவனின் ஒழுங்குக்கு ஓசையளவிலேனும் இடம் கொடுக்கிறது. 'கெமிஸ்தம்' இன்னொரு துணிச்சல். ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் வாலைத் தமிழாக்கிவிட்டார். தூய்மைவாதி இதைப் பார்த்து முகம் சுளிப்பார். கிறீனின் அக்கறை வேறு: நாளைக் காலை வகுப்பு இருக்கிறது, மாணவன் புரிந்துகொள்ளவேண்டும், மறுநாள் அவன் கத்தியைத் தொடப்போகிறான். சொல்லின் சரி தவறை நோயாளியின் உடம்பு தீர்மானிக்கும். நம் கலைச்சொல் விவாதங்களில் இல்லாதது இந்த உடம்புதான்.

ஆனாலும் இந்த முயற்சி அவரோடு ஓய்ந்தது. 1870ல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கு மொழி ஆங்கிலம். அங்கீகாரம், சம்பளம், பதவி எல்லாம் அந்த வாசல் வழியாகவே வந்தன. தமிழில் அறுவை மருத்துவம் படித்தவன் நல்ல வைத்தியனாக இருக்கலாம், உத்தியோகஸ்தனாக முடியாது. எனவே கிறீனின் தமிழ் தோற்றது சொற்பஞ்சத்தால் அல்ல. சொற்கள் இருந்தன, நூல்கள் இருந்தன, கற்றுத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவற்றைத் தாங்கி நிற்க ஒரு சமூகத் தேவை உருவாகவில்லை, அல்லது உருவாகவிடப்படவில்லை.

அவருடைய உழைப்பின் ஊற்று மதம். உடம்பைக் குணமாக்குவது ஆன்மாவை அணுகும் வழி என்றே அவர் கருதினார். இதைச் சொல்லி அவரை நிராகரிப்பது சுலபம். இதை மறைத்துவிட்டு அவரைத் தமிழ்த் தொண்டராகச் சிலை வைப்பதும் சுலபம். இரண்டுமே வரலாற்றைத் தட்டிக்கழிக்கும் வழிகள். தன் நம்பிக்கைக்காக அவர் வேறொரு மொழியின் உள்ளே போய், அதன் சொற்களை எடை பார்த்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் உட்கார்ந்தார். தமிழின்மீது நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் அந்த நம்பிக்கைக்காக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம்?

முந்நூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றையும் நண்பர்களுக்கே அனுப்பும் நமக்கு இந்த வரலாற்றில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நல்ல நூல் தானே தன் வாசகனை உண்டாக்கிக்கொள்ளும் என்று நாம் நம்பிவருகிறோம். கிறீனின் நூல்கள் நல்ல நூல்கள்தான். வாசகன் அற்றுப்போன பின் அவை நூலக அலமாரிக்குப் போயின. பின்னால் வந்த கலைச்சொல் குழுக்கள் பல சமயங்களில் அவற்றைப் புரட்டாமலேயே முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தன. சோழி வைத்துக் கணித்தவர் கோட்பாட்டை இழந்து விதியைக் காத்தார். நாம் விதியையும் இழந்துவிட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்குவதை முன்னோடித்தனம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.